பழைய பச்சை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இருமல் விட்டுவிட்டது, நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி? அப்பாவின் வலது கையில் அசைவு ஏதாவது வந்ததா? போனைக் காதில் வைத்தால் தட்டிவிடுகிறார், கடிதம் என்றால் இரண்டு தடவை படிக்கச் சொல்லி விரலைக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. இனி மாதம் ஒரு கடிதம் கட்டாயம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நாள் முழுக்கத் தட்டெழுதியே பழகிப்போன கை.

நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று அப்பாவுக்குப் படித்துக் காட்டு. எங்கள் ஆலையில் நீராவி உலைகள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பகுதியாக நிறுத்திக் கழற்றி, பழுது பார்த்துத் திரும்பப் பூட்ட வேண்டும். ஆறாயிரம் சின்னச் சின்ன வேலைகள். எது முன்னே, எது பின்னே, யார் செய்வது, எப்போது முடியும், எல்லாம் ஒரே ஃபைலில் திட்டமிடும் சாஃப்ட்வேரில் இருக்கிறது. அந்த ஃபைலுக்குக் காவல்காரன் நான்.

சாஃப்ட்வேரோடு வந்த கட்டங்கள் போதாது என்று ஒவ்வொரு மேலாளரும் தனக்கென்று ஒரு கட்டம் கேட்கிறார். ஒருவருக்குக் காரணக் குறியீடு, இன்னொருவருக்கு ஒப்பந்தக்காரரின் மதிப்பெண். ஒருவர் ‘மேலிடப் பார்வை’ என்று ஒன்று கேட்டு வாங்கினார். மூன்று மாதமாக அதில் ஒரு எழுத்து விழவில்லை. எடுக்கலாமா என்று கேட்டால் மட்டும் முகம் சிவக்கிறது. நான் சேர்ந்தபோது பன்னிரண்டு கட்டம், இப்போது தொண்ணூற்றொன்று. காலையில் ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு, நான் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் அது கண் விழிக்கும்.

பிப்ரவரியில் நாலு நாள் வருகிறேன். உடம்பைக் கவனி.

உன் தம்பி

*

ஜனவரி 22

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே இருவரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள். அப்பாவின் சுண்டுவிரல் அசைகிறது, மற்ற நாலும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. என் முதுகு மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று நின்று மரத்துவிட்டது. அதுவும் ஒரு வகை நிவாரணம்தான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டம்ளர் கழுவும் இடத்தில் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும், ஆனால் அது சிரிப்புதான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலும் மருந்துச் சீட்டில் புதிது புதிதாகக் கட்டம் போடுகிறார்கள். நிரப்பி முடிப்பதற்குள் வரிசை வாசல் வரை போய்விடுகிறது. ஒருநாள் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எது வேண்டும், எது வேண்டாம் என்று சொன்னால்தான் எடுப்பேன் என்றேன். இரண்டு கட்டம் போயிற்று. நீயும் ஒரு தடவை முடியாது என்று சொல்லிப் பார்க்கக் கூடாதா? சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த வார்த்தை மட்டும் வாயில் வராது.

நேரத்துக்குச் சாப்பிடு. வருகிற தேதியை முன்கூட்டியே எழுது.

அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் எழுது. இந்த மாதம் வர முடியாது, மன்னித்துக்கொள். ஆலையின் ஒரு பாதி நின்றுவிட்டது. மறுபாதி ஓடிக்கொண்டே இருக்க, நடுவில் வேலை நடக்கிறது. ஒரு நாளும் லீவு கிடையாது.

கட்டங்கள் நூற்று நாற்பத்து மூன்று ஆகிவிட்டன. பாதிக்கு மேல் சும்மா எழுதிவைக்கிற கட்டம் இல்லை, தானே கணக்குப் போட்டு நிறத்தில் முடிவு காட்டுகிறவை, கை வைக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் கணக்குப் போடக் கிளம்பிவிடும். ஒரு தேதியை மாற்றினால் நாலு நிமிஷம் திரை உறைந்து நிற்கும். ஒரு நாளைக்கு இருநூறு மாற்றம் வருகிறது. நீயே பெருக்கிப் பார்.

பெர்மிட் மேஜைக்காரர்கள் முன்பெல்லாம் தாங்களே ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு அனுமதிச் சீட்டு எழுதுவார்கள். இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறார்கள். காத்திருந்து கண் பூத்துவிட்டதாம். காலையில் நான் அச்செடுத்துச் சுவரில் ஒட்டும் தாளைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன் அக்கா. தானாகக் கணக்குப் போடுவதை நிறுத்திவைத்தேன். மாற்றங்களை எல்லாம் சரசரவென்று போட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு தடவை கணக்குப் பொத்தானை அழுத்துகிறேன். நாற்பது நிமிஷம் ஓடும். பிறகு அச்செடுத்துவிடலாம். மேலாளர் எல்லார் முன்னாலும் தோளில் தட்டினார்.

தாளை ஒழுங்காகப் படிக்கிறவர் இங்கே ஒரே ஆள். வால்வு ஃபிட்டர் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுவர் முன்னால் நின்று தன் வேலைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் போவார். பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்தினால், “இருப்பா, எழுத்து எங்கயும் ஓடிடாது” என்பார்.

அப்பாவுக்கு என் அன்பு.

தம்பி

*

பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். உனக்குப் பாராட்டு கிடைத்த இடத்தை அப்பா திரும்பப் படிக்கச் சொன்னார். போன வாரம் கட்டிலிலிருந்து இறங்கும்போது வழுக்கிவிட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. உன்னை வரவழைக்க எழுதவில்லை, வேலையை முடித்துவிட்டே வா.

ஒரு சந்தேகம். எனக்கு உன் சாஃப்ட்வேர் தெரியாது, தப்பாகக் கேட்டால் சிரிக்காதே. பொத்தானை அழுத்திய பிறகு ஏதாவது மாறினால், அந்தக் கட்டங்கள் எதைக் காட்டும்? பழையதைத்தானே? பார்க்கிறவருக்கு அது பழையது என்று தெரியுமா?

பதில் எழுது. இருமல் மறுபடி வந்தால் கஷாயம் கிஷாயம் என்று இழுக்காமல் டாக்டரைப் பார்.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

நலம். அப்பா நலமா?

இங்கே ஒரு விபத்து. பதினொன்றாம் தேதி காலை. நான் முன்பு எழுதினேனே, வால்வு ஃபிட்டர், அவர்மேல் நீராவி அடித்துவிட்டது. இரண்டு கைகள், நெஞ்சு, கழுத்து. இங்கே தீக்காயத்துக்கு வசதி இல்லை என்று உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மனைவியும் மகளும் கூடப் போயிருக்கிறார்கள். முடிந்தால் போய்ப் பார். எப்படி இருக்கிறார் என்று உடனே எழுது.

அப்பாவுக்குப் படிக்கும்போது இதை விட்டுவிடு.

வேறு ஒன்றுமில்லை.

தம்பி

*

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் அரைப்பக்கம்கூட இல்லை, உனக்கு உடம்பு சரியில்லையோ என்று இருக்கிறது. அப்பாவிடம் ‘வேலை அதிகம்’ என்று நானே இரண்டு வரி சேர்த்துப் படித்துவிட்டேன்.

அவரைப் பார்த்தேன். இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். கைகள் இரண்டும் தோள்வரை கட்டுக்குள் இருக்கின்றன. முகம் தப்பித்துவிட்டது. நான் யாருடைய அக்கா என்று சொன்னதும் கண் மலர்ந்துவிட்டது. “ஷீட் ஒட்டுற தம்பியோட அக்காவா? நல்ல புள்ள. நான் நின்னு படிச்சா முகம் சுளிக்காது” என்றார். அன்றிலிருந்து என்னைத் தங்கச்சி என்கிறார். களிம்பு மாற்றும் நேரத்துக்கு நானே மேலே கொண்டுபோகிறேன். அந்த நேரத்தில் அவர் கத்துவதில்லை. மேலே சுழலும் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்று இறக்கைகள்தான், ஆனால் எண்ணி முடிவதில்லை.

மனைவி சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருக்கிறார். தையல் வேலை செய்கிறவராம். இருபது வருஷ வேலையில் கணவர் கையில் ஒரு கீறல் பட்டதில்லை என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பதினாறு வயது மகள் ஒருத்தி. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எப்படி ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “லைன் அடைச்சிருக்குன்னு நெனச்சுக் கை வச்சுட்டேன் தங்கச்சி. தொறந்திருக்கு. என் கவனக்கொறவுதான்.”

டாக்டர் நம்பிக்கையாகப் பேசுகிறார். நீ ஒரு வரி எழுது அவருக்கு.

அக்கா

*

ஏப்ரல் 8

தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? பதில் இல்லை. ஆலைக்குப் போன் செய்தேன், வேலையில் இருக்கிறாய் என்றார்கள். அதுவரை நிம்மதி. அப்பா தினமும் வாசலைப் பார்க்கிறார். தபால்காரர் தாண்டிப் போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

நேற்று உங்கள் ஆலையிலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். நான் களிம்போடு வாசலில் நின்றேன், எல்லாம் காதில் விழுந்தது. திட்டத்தின் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டார்களாம். அந்த நீராவிக் குழாய் லைனுக்கு எதிரே சிவப்புதான் இருந்ததாம், ‘கை வைக்காதே’ என்று. பார்க்காமல் போனது அவர் தப்பு என்று தட்டெழுதியே கொண்டுவந்திருந்தார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் கட்டு இருப்பதால் கையெழுத்தை மனைவி போட்டார்.

அவர்கள் போன பிறகு அந்தப் பெண் எழுந்து வந்து, “எல்லாரையும் நிதானமா இருன்னு சொல்லுவீங்களேப்பா. நீங்க ஏன் பாக்கல?” என்று கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அதோடு சரி, அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் கொடுக்கிறாள், தலையணையைச் சரிசெய்கிறாள், பேச்சு மட்டும் இல்லை.

அவருக்கு வலியைவிட அதுதான் பெரிதாக இருக்கிறது. நீ ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும்.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்கா,

இது உனக்கு மட்டும். அப்பாவுக்காக வேறு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதைப் படித்துக் காட்டு.

பிப்ரவரியில் நீ ஒன்று கேட்டிருந்தாய், பார்க்கிறவருக்கு அது பழையது என்று தெரியுமா என்று. தெரியாது அக்கா. பழைய பச்சையும் புதுப் பச்சையும் ஒரே பச்சைதான்.

அன்று ஆறு மணிக்குக் கணக்குப் போட்டேன். ஏழு மணி வாக்கில் முந்தைய ஷிஃப்ட்டிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அடைத்து வைத்திருந்த லைன் ஒன்றைச் சோதனைக்காகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதை ஃபைலில் நானேதான் பதிந்தேன், என் விரலால். பதிந்தால் மட்டும் போதாது. பச்சை சிவப்பாக மாற வேண்டுமானால் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும், இன்னும் நாற்பது நிமிஷம் ஆகும். ஏழரைக்குத் தாள் சுவரில் இருக்க வேண்டும். மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். ஒரே ஒரு லைன்தானே, பிறகு பெர்மிட் மேஜைக்குப் போய் வாயால் சொல்லிவிடலாம் என்று அச்செடுத்து ஒட்டினேன். பேனாவால் ஒரு கோடு கிழித்திருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை, இப்போது ஒரு நாளைக்கு நூறு தடவை தோன்றுகிறது. கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். ‘மேலிடப் பார்வை’க் கட்டத்துக்கு என்ன நிறம் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல மறந்துவிட்டேன்.

நான் தாளை ஒட்டிவிட்டு நகரும்போதே அவர் வழக்கம்போல விரல் வைத்துப் படித்தார். பச்சை. மேஜைக்காரர் தாளைப் பார்த்து அனுமதி எழுதினார். லைன் அடைத்திருக்கிறது என்று முந்தின நாள் கட்டிய அட்டைகூட வால்வில் தொங்கிக்கொண்டிருந்தது, திறந்தவர்கள் அவிழ்க்கவில்லை. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்.

விபத்து நடந்ததும் யாரோ ஃபைலை அவர்கள் கணினியில் திறந்தார்கள். அங்கே தானாகக் கணக்குப் போடும். அதனால் சிவப்பு வந்துவிட்டது. விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “ஃபைலும் சுவர்ல ஒட்டுன தாளும் ஒண்ணுதானே?” நான் “ஆமா சார்” என்றேன். அவ்வளவுதான் அக்கா, நான் சொன்ன பொய் இரண்டே வார்த்தை. தினமும் பழைய தாள்களை இயந்திரத்தில் போட்டுக் கிழித்துவிடுவார்கள். அன்றைய தாளில் ஒரு பிரதி மட்டும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அந்த இழுப்பறையைப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன்.

சொன்னால் என் மேல் வழக்கு வரும். அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். வந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீயே அவரிடம் சொல்லிவிடேன். உங்கள் தப்பில்லை, தாளில் பச்சைதான் இருந்தது என்று மட்டும் சொல். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல். நான் தயாரானதும் இங்கே எழுதிக்கொடுத்துவிடுகிறேன்.

உன் உடம்பைப் பற்றிக் கேட்கக்கூட மறந்துவிட்டேன். எப்படி இருக்கிறாய்?

தம்பி

*

மே 10

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். அப்பாவும் இருக்கிறார்.

அவர் போய்விட்டார். ஏப்ரல் இருபத்தாறு, மதியம். கடைசி இரண்டு நாளில் ரத்தத்தில் விஷம் ஏறி, சிறுநீரகம் நின்றுவிட்டது. உனக்கு ஆலையில் சொல்லியிருப்பார்கள். எப்படிப் போனார் என்பதை மட்டும்தான் நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் இருபத்தொன்றாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. ஐந்து நாள் என் வெள்ளைக் கோட்டின் பையில் இருந்தது. ஐந்து நாளும் களிம்போடு மாடி ஏறினேன், ஐந்து நாளும் சொல்லாமல் இறங்கினேன்.

முதல் நாள், மகள் பக்கத்தில் இருந்தாள், அவள் இல்லாதபோது சொல்லலாம் என்று விட்டேன். இரண்டாம் நாள் அவர் தனியாகத்தான் இருந்தார். அன்று நான் என்ன யோசித்தேன் தெரியுமா? நான் சொன்னால் இவர் மனைவியிடம் சொல்வார், மனைவி ஆலைக்குப் போவார், நீ எழுதிக்கொடுப்பதற்கு முன்பே உன்னைப் பிடித்துவிடுவார்கள். ஆள் தேறிக்கொண்டுதானே வருகிறார், தம்பியே வந்து சொல்லட்டும், அதற்கு நாள் இருக்கிறது. இப்படி. மருந்து ஜன்னலில் பதினெட்டு வருஷம் நிற்கிறேன், தீக்காயக்காரருக்கு நாள் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இருபத்தைந்தாம் தேதி அவருக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. ஆனால் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

“தங்கச்சி, ஒரு சந்தேகம். அந்தத் தாள்ல பச்சைதான் இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம். விரல் வச்சுப் பாத்தேன். சிவப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் தப்பாப் பாத்திருப்பேனோ?”

தம்பி, உன் கடிதம் என் பையில் இருந்தது. குனிந்தபோது அது கட்டிலில் இடித்தது.

நான் சொன்னேன், “மருந்து மயக்கத்துல அப்படித்தான் தோணும்ண்ணே. தூங்குங்க.”

அவர் சரி என்று தலையாட்டினார். “அப்படித்தான் இருக்கும்” என்றார். பிறகு பேசவில்லை.

இதை நீ படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். எழுதாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு வாரம் முயற்சி செய்தேன். நீ என்ன செய்யப் போகிறாய் என்று இனி நான் கேட்க மாட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அக்கா

*

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பதினைந்தாம் தேதி இழுப்பறையைத் திறந்தேன். தாளையும் என் கைப்பட எழுதிய மூன்று பக்கத்தையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். என்னைத் திட்டப்பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் வழக்கு. விசாரணைக் குறிப்பைத் திருத்துவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், அதன் நகலைக் கேட்டு வாங்கினேன்.

ஒரே ஒரு கட்டத்தைக்கூட எடுக்கவில்லை. புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். ‘கணக்குப் போடப்பட்டதா, ஆம், இல்லை.’ நூற்று நாற்பத்து நாலு. என் இடத்துக்கு வந்திருப்பவள் ஃபைல் இன்னும் மெதுவாகிவிட்டது என்று என்னிடம் வழி கேட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு முடியாது என்று சொல்லச் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டாள்.

நகலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஜன்னலோரம் தையல் இயந்திரம். அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் தையலை நிறுத்தாமலே கேட்டார். முடிந்ததும் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டது நான். அவர் தப்புன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்” என்றார். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். “இவகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொன்னத அப்படியே இவகிட்ட சொல்லுங்க.”

சொன்னேன் அக்கா. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

“எங்கப்பா அத விரல் வச்சுப் பாத்தாரா? நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்மா.”

“நான் அவர்கூடப் பதினெட்டு நாள் பேசல” என்றாள். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது அந்த அம்மா, “உங்க அக்கா ஒருத்தங்கதான் தினமும் வந்து பாத்தாங்க, அவங்க நல்லா இருக்கணும்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னுடையதை நான் சொல்லக் கூடாது என்று தோன்றியது. இதுவும் மறைப்பதில்தான் சேருமோ, தெரியவில்லை.

வழக்குக்கு முன்னால் ஒரு தடவை வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

தம்பி

*

ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா இப்போது இடது கையால் கரண்டி பிடிக்கிறார். நீ வந்துவிட்டுப் போன பிறகு நன்றாகத் தூங்குகிறார். உன் வழக்கு தள்ளிப்போன செய்தி கிடைத்தது.

நீ போன அடுத்த நாள் எங்கள் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மா தலைமை டாக்டருக்கு எழுதியது. தீக்காய வார்டில் தினமும் வந்து தன் கணவருக்கு ஆறுதல் சொன்ன மருந்தாளர் அம்மாவுக்கு நன்றி என்று இருந்தது. மற்றவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். ஜன்னலுக்குப் போக அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலு நாள் தாண்டினேன். ஐந்தாம் நாள் முகவரியைக் குறித்துக்கொண்டு, லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். உன்னிடம் சொன்னால் கூட வருவாய், அதனால் சொல்லவில்லை.

கதவைத் திறந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடுவித்துக்கொண்டுதான் பேச ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எல்லாம் சொன்னேன். கோட்டுப் பை, ஐந்து நாள், அவர் கேட்டது, நான் சொன்ன பதில். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த அம்மா கேட்டார், “பச்சைன்னு அவரே சொன்னாரா?”

“ஆமாம்மா. விரல் வச்சுப் பாத்தேன்னு சொன்னார்.”

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார், “அப்பாவுக்குத் தெரிஞ்சுதான்டி இருந்திருக்கு.”

அந்தப் பெண் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கதவோரமாக நின்றேன். உட்காரச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. கடைசியில் அந்த அம்மா, கோபமில்லாமல், அக்கம்பக்கத்தில் வழி கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“நீங்க போங்க. இனிமே வர வேண்டாம்.”

வந்துவிட்டேன். ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தேன். பசித்தது. வாங்கிச் சாப்பிட்டேன். பசித்ததே எனக்கு வெட்கமாக இருந்தது.

பலகையில் இருந்த கடிதத்தைத் தலைமை டாக்டரிடம் காரணம் சொல்லி எடுக்கச் சொல்லிவிட்டேன். அவர் என் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

வழக்குத் தேதி தெரிந்ததும் எழுது. அன்றைக்கு நான் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா